அட்டாலியில் கிடக்கும் டிவி கேம்: கொங்குச் சிற்றூர்களில் பழைய விளையாட்டுச் சாமான் தேடுவது எப்படி

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ‘இங்கே பழைய கேம் கிடைக்கும்’ என்று பலகை மாட்டிய கடை எதுவும் இல்லை. ஆனால் சாமான் இருக்கிறது. 1990களில் வீட்டுக்கு வீடு வாங்கிப் போட்ட டிவி கேம், பிறகு கேம் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று ஓடிய பிஎஸ் 2 (பிளேஸ்டேஷன் 2), விடுதிப் பையன்கள் விட்டுப்போன கேரம் போர்டு, பாட்டி சீர்வரிசையில் வந்த பித்தளைப் பல்லாங்குழி எல்லாமே யாரோ ஒருவர் வீட்டு அட்டாலியில் (பரணில்) கிடக்கின்றன. இல்லையென்றால் எடைக்குப் போகிற வழியில் இருக்கின்றன.

எடைக்குப் போன சாமானுக்கு ஆயுள் சில நாட்கள்தான். டிவிஎஸ் வண்டியில் ‘பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர்’ என்று ஒலிபெருக்கி வைத்து வருகிறவர் ஒரு டிவி கேமை எடுத்துப் போனால், கடையில் அது மூன்றாகப் பிரியும். முதலில் அடாப்டரை உடைத்துச் செம்புக்கம்பியை எடுப்பார்கள். பிறகு மேல்மூடி பிளாஸ்டிக் சாக்குக்குப் போகும், உள்ளே இருக்கும் பச்சைத்தகடு ‘போர்டு’ சாக்குக்குப் போகும். பழைய கேம் செட்டுகள் பெரும்பாலும் அடாப்டர் இல்லாமலே கைக்கு வருவதற்கு இதுதான் காரணம். ஆகவே இந்த வேலையில் திறமை என்பது இரண்டே விஷயம்: உடைக்கும் முன்னால் போய்ச் சேர்வது, கிடைத்த இடத்திலேயே சோதித்துப் பார்ப்பது.

எப்போது, எந்த வழியில்

வருஷத்தில் மூன்று பருவங்களில் சாமான் தானாக வெளியே வரும். போகிக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தைய பத்து நாட்கள் முதலாவது. வெள்ளையடிக்க அட்டாலியை ஒழிக்கும்போது பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) வந்து விழுவதெல்லாம் அந்த வாரமே இரும்புக் கடைக்குப் போய்விடும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் இரண்டாவது. மெக்கானிக்குகள் பட்டறையைக் கழுவி, வருஷக்கணக்காக யாரும் வாங்காமல் விட்ட ரிப்பேர் சாமான்களைக் கழித்துக்கட்டும் சமயம் அது. மூன்றாவது ஏப்ரல், மே மாதம், கல்லூரி விடுதிகள் காலியாகும்போது. பெருந்துறை, திருச்செங்கோடு, கோவைப் பக்கம் விடுதிகளுக்கு அருகிலுள்ள பழைய பேப்பர் கடைகளில் கேரம் போர்டும், கையில் வைத்து ஆடும் பிஎஸ்பியும் அப்போதுதான் வரும்.

இரண்டு நாள் சுற்றுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வியாழக்கிழமை விடியற்காலை கோவையில் கிளம்பி, சத்தி ரோட்டில் அன்னூர் வழியாக ஏழு மணிக்குள் புஞ்சைப் புளியம்பட்டி போய்விடுங்கள். வியாழக்கிழமைச் சந்தைக்கு மாடும் காய்கறியும்தான் பெயர் என்றாலும், சந்தையின் ஓரங்களில் சாக்கு விரித்துப் பழைய சாமான் போட்டிருப்பவர்கள் இருக்கிறார்களா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் நல்லது எதுவும் தரையில் இருக்காது. அங்கிருந்து சத்தியமங்கலம், கோபி, இரவு ஈரோடு. மறுநாள் காங்கேயம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி பார்த்துக்கொண்டு கோவை திரும்பலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகச் சில கடைகளைச் சாத்தியிருப்பார்கள். அந்த நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழிக்கு இன்னொரு பயன் உண்டு. தாராபுரமும் காங்கேயமும் மழை மறைவுப் பகுதி. அங்கே அட்டைப்பெட்டியும் காகிதமும் பூஞ்சை பிடிக்காமல் தப்பியிருக்கும். ஆனால் கரையான் அரித்திருக்கிறதா என்று பெட்டியின் அடியைப் பார்த்தே தீர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் பருவமழையும் படுகிற பொள்ளாச்சிப் பக்கம் கதை வேறு. அங்கே அட்டை உப்பியிருக்கும், திருகாணி துருப்பிடித்திருக்கும், சிடியின் மேல் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கும். பலகை விளையாட்டுகளைத் தாராபுரம் பக்கத்தில் நம்பி எடுக்கலாம். பொள்ளாச்சியில் எடுப்பதை இருமுறை பார்த்து எடுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

முதலில் போக வேண்டியது டிவி மெக்கானிக் கடை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்துகளில், வாசலில் டப்பா டிவி அடுக்கியிருக்கும் கடையாகப் பாருங்கள். காலை பத்தரைக்கு மேல்தான் திறப்பார்கள், மதியம் ஒன்றரைக்குச் சாத்தினால் மறுபடி நான்கு மணிக்குத்தான். போனதும் செல்போனில் படத்தை நீட்டாமல் வாயால் கேளுங்கள். ‘ரெட்ரோ கேம்’, ‘கன்சோல்’ என்றால் இல்லை என்றே பதில் வரும். அங்கே அதற்குப் பெயர் டிவி கேம், கேசட்.

“ஏனுங்ணா, பழைய டிவி கேம், கேசட்டு ஏதாச்சும் கெடக்குதுங்களா?”

“டிவி கேமா? அதெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க தம்பி.”

“ரிப்பேருக்கு வந்து வாங்காம உட்டுட்டுப் போனது இருந்தாலும் பரவால்லீங்ணா. ஓடாததா இருந்தாலும் எடுத்துக்கறனுங்க.”

“அட்டாலி மேல ஒரு பொட்டி கெடக்குது. ஏறி எடுத்துப் பாருங்க.”

‘ஓடாததா இருந்தாலும்’ என்ற அந்தச் சொல்தான் பெட்டியைக் கீழே இறக்க வைக்கிறது. ஓடாத சாமானைத் தலையில் கட்டிவிட்டுப் பின்னால் பேச்சு வாங்கக் கூடாதே என்றுதான் பல மெக்கானிக்குகள் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: சாமானுக்கு உரியவர் திரும்பி வருவாரா? சந்தேகம் இருந்தால் அவருக்கு மெக்கானிக்கையே ஒரு போன் போடச் சொல்லுங்கள். பட்டறையில் மூடி கழற்றிய டப்பா டிவி இருந்தால் பக்கத்தில் கை நீட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் பிக்சர் ட்யூபில் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இரும்புக் கடைக்கு மாலை நாலரைக்கு மேல் போக வேண்டும். காலையில் வண்டி எடுத்துப் போனவர்கள் சுமையோடு திரும்பி, பிரித்துப் போடும் நேரம் அதுதான். லோடு லாரி எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த சுற்றை அதற்கு முதல் நாள் வைத்துக்கொள்ளலாம். பித்தளைக்கு மட்டும் பாத்திரக் கடைதான். பழையதைக் கொடுத்துப் புதுசு வாங்கும் வீடுகளிலிருந்து வந்த உருப்படிகள் உருக்கப் போகும்வரை கடையின் பின்கட்டில் மூட்டையாகக் கிடக்கும். மூடிப்போன கேம் சென்டரின் முதலாளி இப்போது பெரும்பாலும் அதே இடத்தில் மொபைல் சர்வீஸ் கடையோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருப்பார். பிஎஸ் 2 வேண்டுமென்றால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மல்டிமீட்டர் ஒன்று, சிறிய ஸ்டார் ஸ்குரூடிரைவர்கள், 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 100 மில்லி, காது குடையும் பட்ஸ் ஒரு டப்பா, மூன்று நிற ஏவி கேபிள். சானிடைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாக எடுத்துப் போக வேண்டாம். அதில் கிளிசரின் கலந்திருந்தால் பிசுக்கு நிற்கும்.

திரைக்கு, காரில் ரிவர்ஸ் கேமராவுக்கு மாட்டும் சின்ன எல்சிடி போதும். 12 வோல்ட்டில் ஓடும், மஞ்சள் ஏவி பின் நேராகப் பொருந்தும். ஒலி வராது, படம் வந்தால் போதும். டிவி கேமுக்கு மின்சாரம் கொடுக்க ஆறு பென்சில் செல் போடும் ஹோல்டர் வாங்கி, இரண்டு ஒயர் நுனியில் அடாப்டர் பின் மாட்டிக்கொள்ளுங்கள். ஆறு செல்லும் சேர்ந்தால் 9 வோல்ட். பிளஸ் மைனஸை ஒரு நொடியில் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. பிஎஸ் 2 சோதிக்க 12 வோல்ட்டை 230 ஆக்கும் 150 வாட் கார் இன்வெர்ட்டர் தாங்கும், அது இழுப்பது சுமார் 50 வாட்தான்.

டிவி கேமும் கேசட்டும்

நம்மூரில் ஓடிய டிவி கேம்களில் பெரும்பாலானவை 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபாமிகாமின் நகல்கள். அதனால் கேசட்டுகளுக்கு 60 பின். அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோவின் 72 பின் கேசட் இதில் ஏறாது. வெளிநாடு போய் வந்தவர் வீட்டிலிருந்து அகலமான சாம்பல் நிறக் கேசட் கிடைத்தால், அதற்கேற்ற 72 பின் செட் இருந்தால்தான் அது பயன்படும் என்று நினைவில் வையுங்கள்.

செட்டைக் கையில் எடுத்ததும் ஆன் செய்யாதீர்கள். எந்த அடாப்டர் அகப்பட்டதோ அதை மாட்டித்தான் பாதிச் செட்டுகள் செத்திருக்கின்றன. ஃபாமிகாமில் அடாப்டர் பின்னின் நடுப்பகுதி மைனஸ். நகல்களில் சிலவற்றில் நடுப்பகுதி பிளஸ். மூடியின் அடியிலுள்ள திருகாணிகளைக் கழற்றித் திறந்தால், மூன்று கால்களோடு 7805 என்று எழுதிய கறுப்பு உருப்படி ஒன்று, பெரும்பாலும் ஒரு தகரத் துண்டில் முடுக்கியபடி இருக்கும். அதன் எழுத்து உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் உள்ளே வரும் மின்சாரம், நடுக்கால் எர்த், வலது கால் வெளியே போகும் 5 வோல்ட். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை நடுக்காலிலும் மறுமுனையை அடாப்டர் துளையின் நடுக்கம்பியிலும் வையுங்கள். பீப் வந்தால் நடுப்பகுதி மைனஸ். வராமல் வெளித்தகட்டில் வந்தால் நடுப்பகுதி பிளஸ். அதன்படி ஹோல்டர் ஒயரை மாட்டி, ஆன் செய்து, வலது காலில் 4.8 முதல் 5.2 வரை வருகிறதா பாருங்கள். உள்ளே 9 வந்து வெளியே எதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் 7805 போய்விட்டது. அது பத்து, இருபது ரூபாய்ச் சாமான், அஞ்ச வேண்டியதில்லை. கோவை காந்திபுரம் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். 5 வோல்ட் சரியாக வந்தும், நல்ல கேசட் போட்டும் படமே வராவிட்டால் பச்சைத்தகட்டின் மேலுள்ள கறுப்புக் குமிழுக்குள் இருக்கும் சிப் போயிருக்கலாம். அதை மாற்ற வழியில்லை. ஜாய்ஸ்டிக்குக்காக மட்டும் எடுக்கலாம்.

பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் கூடவே கிடைத்து, அதில் 9 வோல்ட் என்று எழுதியிருக்க, மீட்டர் 12, 13 காட்டினால் பயப்பட வேண்டாம். சுமை இல்லாதபோது அது அப்படித்தான் காட்டும்.

படம் வந்தும் திரை முழுக்க ஒரே நிறமாக நின்றாலோ எழுத்துகள் குழம்பி வந்தாலோ கோளாறு அநேகமாகக் கேசட்டின் பல்லில்தான், அதாவது செட்டுக்குள் நுழையும் தகட்டு விளிம்பில்தான். அதைத்தான் எல்லாரும் வாயால் ஊதி ஊதிப் போட்டார்கள். எச்சில் ஈரம் பட்டுத்தான் அந்தத் தகடுகள் கறுத்தன. பட்ஸை ஆல்கஹாலில் நனைத்து, பல்லின் நீளவாக்கில், மேலிருந்து கீழாக மட்டும் தேயுங்கள். முதல் பட்ஸ் கறுப்பாக வரும், இரண்டாவது பழுப்பாக. நான்காவதோ ஐந்தாவதோ வெள்ளையாகவே வந்தால் நிறுத்திவிடலாம். இரண்டு நிமிஷம் காயவிட்டுப் போடுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. மேலே இருக்கும் தங்கப்பூச்சு மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும், அப்புறம் உள்ளே இருக்கும் செம்பு மாதத்துக்கு ஒருமுறை பச்சை பூக்கும். சில கடைகளில் பெட்ரோல் ஊற்றித் துடைத்துக் கொடுக்க வருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவியின் கலர் சிஸ்டத்தை பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று மாற்றிப் பாருங்கள், செட்டின் மேல் பழி போட வேண்டாம். கேசட்டின் மேல் 9999 கேம் என்று அச்சிட்டிருப்பதை நம்பி விலை கொடுக்காதீர்கள். உள்ளே சில கேம்கள்தான் இருக்கும், அவையே வேறுவேறு ஸ்டேஜில் தொடங்குவதாகத் திரும்பத் திரும்ப வரும். பெரிய கேசட்டைத் திறந்தால் உள்ளே தீப்பெட்டி அளவு தகடும் ஒரு கறுப்புக் குமிழும் இருப்பது இயல்பு, ஏமாற்று இல்லை. குமிழில் விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

துப்பாக்கியோடு வந்த செட்டுகள் பல உண்டு. அது டப்பா டிவியில்தான் சுடும். ட்யூபில் ஒளி வரிவரியாக வரையப்படும் கணத்தைப் பார்த்துத்தான் குறி பட்டதா என்று அது கணக்கிடுகிறது. எல்இடி டிவியில் படம் தாமதமாக வருவதால் வாத்து சுடும் கேமில் ஒரு வாத்தும் விழாது. மெக்கானிக் கடையில் ஓடும் டப்பா டிவி இருக்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ் 2, சிடி, பிஎஸ்பி

பிஎஸ் 2 ஜப்பானில் 2000இல் வந்தது, மெலிந்த வடிவம் 2004இல். மெலிந்ததை வாங்கும்போது நல்ல டிஸ்க்கைப் போட்டுச் சோதிக்காதீர்கள். சில மாடல்களில் லென்ஸுக்குப் போகும் தட்டையான ரிப்பன் ஒயர் மேலே எழும்பி, ஓடும் டிஸ்க்கை உரசி வட்டமாகக் கீறிவிடும். உதவாத டிஸ்க் ஒன்றைப் போட்டு ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புதிதாக ஒரு வட்டக் கோடு விழுந்திருந்தால் காரணம் தெரிந்துவிடும். ரிப்பனை மடித்து ஒட்டிவிட்டால் சரியாகும், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதுமான காரணம்.

பிறகு அடிப்பக்கம் நீலமாக இருக்கும் சிடி கேம் ஒன்று, வெள்ளியாக இருக்கும் டிவிடி கேம் ஒன்று, இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் லேசர் வேறு, ஒன்று போனாலும் மற்றொன்று ஓடும். டிவிடி மட்டும் ஓடியதைப் பார்த்து வாங்கிவிட்டு வீட்டில் வந்து ஏமாறுவது சாதாரணமாக நடக்கிறது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி கேட்டால் உள்ளே இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பல மெலிந்த மாடல்களுக்கு 8.5 வோல்ட் அடாப்டர் வேண்டும். லேப்டாப் அடாப்டரைச் செருகிப் பார்ப்பவர்களைத் தடுத்துவிடுங்கள்.

டிஸ்க்கில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வட்டமாக, டிஸ்க் சுற்றும் திசையிலேயே விழுந்த கீறல்தான் படிக்க விடாது. சிடி என்றால் மேல்புறத்தையும் பாருங்கள். தகவல் அடுக்கு லேபிளுக்கு அடியிலேயே இருப்பதால், சூரியனுக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடம் போய்விட்டது. முதல் பிளேஸ்டேஷனின் அசல் டிஸ்க்கின் அடி கறுப்பு. நம்மூர் மூட்டைகளில் அது அபூர்வம், கண்டால் விடாதீர்கள்.

பிஎஸ்பியில் முதலில் பார்க்க வேண்டியது பின்மூடி. சமமாக இல்லாமல் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, மெல்லக் கழற்றி வெளியே வையுங்கள். பேட்டரி இல்லாமலே 5 வோல்ட் அடாப்டரில் அது ஓடும், அப்படியே சோதிக்கலாம். உள்ளே மெமரி கார்டில் யாருடைய குடும்பப் படமாவது இருந்தால் பார்க்காமல் அழித்துவிடுங்கள்.

கேரம், பல்லாங்குழி, தாயக்கட்டை

கேரம் போர்டில் ஆடும் பரப்பு 29 அங்குலம். சட்டத்தோடு சேர்த்தால் 35 அங்குலம் வரை வரும், கிளம்பும் முன்னே காரின் பின்கதவை அளந்துகொள்ளுங்கள். பலகை 8 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட்டாக இருக்க வேண்டும், குழிக்குள் விரலை விட்டால் கனம் தெரியும். நைலான் நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு காயின் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் பலகை குழிந்துவிட்டது, திரும்பாது. பிறகு 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடியுங்கள். பலகையை மூன்றரை முறை கடந்தால் முதல் தரம். இரண்டோடு நின்றால் சட்டம் தளர்ந்திருக்கலாம், அல்லது பவுடரும் வியர்வையும் சேர்ந்து பிசுக்கேறியிருக்கலாம். பிசுக்கை உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும், தண்ணீர் பட்டால் மேலடுக்கு எழும்பும். காயின் 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு. குறைந்தால் வருத்தமில்லை, புதுசு கிடைக்கும்.

பித்தளைப் பல்லாங்குழியை அன்றைய பழைய பித்தளை விலையைத் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டும். குழி பக்கத்துக்கு ஏழு, மொத்தம் பதினான்கு. குழிக்கு ஐந்து என்று வைத்தால் 70 முத்து வேண்டும். மடிக்கும் வகையென்றால் கீலைப் பாருங்கள், புதிய திருகாணி போட்டிருந்தால் கீல் ஒருமுறை பிய்ந்திருக்கிறது. தாயக்கட்டை இரண்டும் ஒரே ஜோடிதானா என்று நீளத்தையும் எடையையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இருபது முறை உருட்டி ஒரே பக்கம் மிகுதியாக விழுந்தால் முனை தேய்ந்திருக்கலாம்.

ஸ்கிராபிள் பெட்டியில் எழுத்துக் கட்டைகள் 100. பத்துப் பத்தாக அடுக்கினால் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடலாம்.

விலை, ஏற்றுவது, இறக்குவது

எடைக்குப் போனால் அவருக்கு என்ன கிடைக்குமோ அதுதான் அடிவிலை. அதைப் போல மூன்று மடங்கு கொடுத்தாலும் உங்களுக்குக் குறைவாகவே இருக்கும், அவருக்கும் மனம் நிறையும். பெறுமானம் மிக அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்த சாமான் வந்தால் அதைச் சொல்லிவிட்டே வாங்குங்கள். அடுத்த வருஷம் அவர் உங்களுக்காக எடுத்து வைப்பார். இதை மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு சிற்றூரில் டிவி மெக்கானிக்குகள் நான்கைந்து பேர்தான், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். புத்தம்புதிய பிஎஸ் 4 பில்லும் பெட்டியும் இல்லாமல் பாதி விலைக்கு வந்தால் தொடாதீர்கள்.

கேரம் போர்டைக் காரின் மேலே கட்ட வேண்டாம், காங்கேயம் வெயிலில் பிளைவுட் வளைந்துவிடும். பின் இருக்கையில் நெட்டுக்குத்தலாக நிறுத்தி, நடுவே போர்வை வையுங்கள். பிஎஸ்பி பேட்டரிகளை டாஷ்போர்டில் போடாதீர்கள்.

அட்டாலியிலிருந்து இறங்கிய டிவி கேமுக்குள் கரப்பான் குடியிருக்கும். வண்டியில் ஏற்றும் முன்னே மூடியைத் திறந்து, கவிழ்த்து நான்கு தட்டுத் தட்டுங்கள். முட்டைக்கூடுகள் கேசட் போடும் பள்ளத்திலும் காற்றுத் துளையிலும் ஒட்டியிருக்கும், அவற்றைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி, எந்த ஊர், எந்தக் கடை, எந்தத் தேதி என்று துண்டுச்சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துப் பையைத் திறக்கும் முன் உள்ளே ஏதும் அசைகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.